லாரி கிளம்பும் இரவுகள்: பிள்ளைப் பருவ ஊட்டும் முறையும் பெரியவர்களின் உணர்வுசார் மிகையுணவும்

இந்நிகழ்வு ஆய்வுக்கு உரியவர் சேலத்தில் வசிக்கும் 37 வயதுப் பெண். சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். கணவர் வடமாநில லைனில் ஓடும் சரக்கு லாரியின் ஓட்டுநர். ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதலோடும், அவர் தாயின் ஒப்புதலோடும் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

அவரை என்னிடம் அனுப்பியவர் ஒரு நீரிழிவு மருத்துவர். கருவுற்றிருந்தபோது வந்த சர்க்கரை பிரசவத்தோடு நீங்கிவிட்டது என்றாலும், அண்மைப் பரிசோதனையில், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் முன்நிலை என்று கொள்வார்கள். உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ, உடல் நிறை குறியெண் 29.2, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. இந்தியர்களுக்கு 25க்கு மேல் உடல் பருமன் என்றும், பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேற்பட்ட இடுப்பு அபாயம் என்றும் வகுத்திருப்பதால், மருத்துவரின் கவலையில் நியாயம் இருந்தது. தைராய்டு பரிசோதனையில் குறை ஏதுமில்லை. 1,200 கலோரி உணவுப் பட்டியல் ஒன்றை ஓராண்டுக்கு முன்பே கொடுத்திருந்தார்கள். அதை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். பகலில் அதன்படியே நடப்பதாகவும் ஆனாலும் எடை கூடிக்கொண்டே வருவதாகவும் சொன்னபோது, மருத்துவமனையில் அவரை யாரும் முழுமையாக நம்பவில்லை. “பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க மேடம். பகல்ல நான் சாப்புடறது உண்மையிலேயே அவ்வளவுதானுங்க” என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்பது பின்னர் தெரிந்தது. பட்டியலை அவர் மீறுவது சில குறிப்பிட்ட இரவுகளில் மட்டுமே. அந்த இரவுகள் எவை என்று அதுவரை எவரும் கேட்கவில்லை.

உணவுக் குறிப்பேடு

முதல் சந்திப்பிலேயே உணவை மாற்றச் சொல்லாமல், ஒரு நோட்டில் குறித்துவரும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சாப்பிட்டார், உட்கார்ந்தா நின்றா, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பசி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்பவையே அதில் எழுத வேண்டியவை. கணக்கெழுதும் கை என்பதால் கோடு போட்டு, பத்தி பிரித்து, மிக ஒழுங்காக எழுதிவந்தார். பசிக்கான பத்தியை மட்டும் பல நாட்கள் காலியாக விட்டிருந்தார். கேட்டபோது, பசி எவ்வளவு என்று தமக்குத் தெரிவதில்லை என்றும், மணியைப் பார்த்துத்தான் சாப்பிடுவதாகவும் சொன்னார்.

ஒரு மாதக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு முறை புலப்பட்டது. கணவர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும் நாளின் இரவு, கிளம்பிய பின் இரண்டு மூன்று நாட்கள் கைபேசியில் அவர் கிடைக்காமல் போகும்போது அதில் ஓர் இரவு, வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து பேசிவிட்டுப் போன நாளின் இரவு என, மாதத்தில் மூன்று நான்கு இரவுகளில் மட்டுமே மிகையுணவு நிகழ்ந்தது. மற்ற இரவுகளில் இரண்டு தோசையோடு எழுந்துவிடுகிறார். அலுவலகத்தில் எவ்வளவு வேலை நெருக்கடி இருந்தாலும் உணவு கூடுவதில்லை. சொல்லப்போனால் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் மதிய டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்பியிருக்கிறது. ஆகவே ‘மன அழுத்தம் வந்தால் சாப்பிடுகிறார்’ என்ற பொது முடிவு இவருக்குப் பொருந்தவில்லை. யாரோ ஒருவர் விட்டுப் போகும்போதும், யாரிடமும் சொல்ல முடியாத அவமானம் நேரும்போதும்தான் சாப்பிடுகிறார்.

அத்தகைய ஓர் இரவின் குறிப்பை அப்படியே சுருக்கித் தருகிறேன். அன்று காலையில் காபி மட்டும் குடித்திருக்கிறார். மதியம் இரண்டு சப்பாத்தி. மாலையில் கணவருக்குப் புளிச்சோறு கிளறி, டப்பாவில் கட்டி, தண்ணீர்க் கேன் நிரப்பி வழியனுப்பியிருக்கிறார். அவருக்குப் பரிமாறியபோது தாம் உண்ணவில்லை. திரும்பும் வழியில் தள்ளுவண்டியில் மகளுக்கென்று ஒரு தட்டுவடை செட்டும் தமக்கென்று ஒரு நொறுக்கலும் பார்சல் வாங்கினார். மகள் தூங்கியபின், ஒன்பதே முக்கால் மணிக்கு, நொறுக்கலில் தொடங்கி, குக்கரில் மிச்சமிருந்த புளிச்சோறு, தயிர் ஊற்றிய வெறுஞ்சோறு, அரைப் பாக்கெட் மிக்சர், மகளின் பள்ளிக்கென வாங்கிய பிஸ்கட் என்று பத்தே கால் வரை சென்றிருக்கிறது. சமையலறை விளக்கைப் போடவில்லை. தட்டு எடுக்கவில்லை. குக்கரிலிருந்தே நின்றபடி சாப்பிட்டிருக்கிறார். ‘முன்பு என்ன நடந்தது’ என்ற பத்தியில் “ஒரு மாதிரியா இருந்துச்சு” என்று எழுதியிருந்தார். பின் வந்த வாரங்களிலும் அந்தப் பத்தியில் பெரும்பாலும் இதே மூன்று சொற்கள்தாம்.

உண்ணும் நடத்தையை அளக்க, தாத்யானா வான் ஸ்ட்ரீனும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் வெளியிட்ட டச்சு உண்ணும் நடத்தை வினாப்பட்டியலைப் பயன்படுத்தினேன். அதன் 33 வினாக்களில் 13 உணர்வுசார் உண்ணலையும், பத்து கண்ணில் படும் உணவின் ஈர்ப்பையும், பத்து உணவுக் கட்டுப்பாட்டையும் அளக்கின்றன. ஐந்துக்கு அவருடைய மதிப்பெண்கள் முறையே 3.8, 2.6, 3.5. கட்டுப்பாடும் உணர்வுசார் உண்ணலும் ஒருசேர உயர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைப் பருவம்

அவர் பிறந்தது அம்மாப்பேட்டைப் பகுதியில் ஒரு நெசவுக் குடும்பம். தாயும் தந்தையும் தறியில் உட்கார, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் தந்தைவழிப் பாட்டி. தறிக்குழியில் இறங்கிவிட்டால் தாயால் எழுந்து வர இயலாது. நெய்யும் அளவுக்குத்தான் கூலி. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தறியருகே வரும் பாட்டிக்குத் தாய் சொல்லும் வார்த்தை, “வாயில எதையாவது குடுங்கத்தை, நிறுத்திடுவா” என்பதுதான். பொட்டுக்கடலை, வெல்லக்கட்டி, டீயில் நனைத்த பன் என்று கைக்குக் கிடைத்தது கொடுக்கப்பட்டது. விழுந்து அடிபட்டாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை அடித்தாலும், இருட்டைக் கண்டு பயந்தாலும் அந்த வீட்டில் கிடைத்த பதில் ஒன்றே.

தட்டில் போட்டதை மிச்சம் வைக்கக் கூடாது என்பது தந்தையின் விதி. ஒரு பருக்கை சிந்தினாலும் பொறுக்கி உண்ண வேண்டும். அரிசி வாங்குவதே பெரும்பாடாக இருந்த வீட்டில் இவ்விதி எழுவது இயல்புதான். முட்டை வேகும் நாட்களில் தம்பிக்கு முழு முட்டை, இவருக்குப் பாதி. தீபாவளிப் பலகாரம் செய்த தூக்குகள் அலமாரியில் வைத்துப் பூட்டப்படும். சாவி பாட்டியின் சுருக்குப்பையில் இருக்கும். விருந்தினர் வந்தால்தான் திறப்பார்கள். மறுபக்கம், பரீட்சையில் ரேங்க் வாங்கிய நாளில் தந்தை சைக்கிளில் உட்கார வைத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்த் தட்டுவடை செட் வாங்கித் தருவார். தந்தை தம்மோடு தனியாகச் செலவிட்ட நேரம் என்று அவர் நினைவில் நிற்பது அது மட்டுமே. ஆக, தேற்றுவதற்கு உணவு, பரிசாக உணவு, கட்டாயமாக உணவு, பூட்டிவைத்த உணவு ஆகிய நான்கும் அவ்வீட்டில் இருந்தன. நம் ஊரில் இந்த நான்கும் இல்லாத வீடு அரிது என்பதால், இவற்றை மட்டும் காரணமாகக் காட்டி நான் இந்த ஆய்வை எழுதியிருக்க மாட்டேன்.

ஒன்பது வயதில் நடந்தது வேறு. தந்தையின் உடல்நலம் கெட்டுத் தறி ஓட்டம் குறைந்தபோது, சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் மூலம், கட்டணச் சலுகையோடு ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். தம்பியை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மூன்றாண்டுகள் அங்கே இருந்தார். பெற்றோர் வந்து பார்க்க மாதம் ஒரு ஞாயிறு அனுமதி. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் தாயின் வயிற்றைப் புரட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முகம் வெளுத்திருக்கும் என்றார். கையில் பழைய பால்பவுடர் டப்பா இருக்கும். அதில் எள்ளுருண்டையும் கை முறுக்கும். தாயும் மகளும் மைதானத்து ஓரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், அதிகம் பேச மாட்டார்கள். மூன்று மணி பஸ்ஸில் தாய் ஏறிவிடுவார். “அழுதா அம்மா அடுத்த மாசம் வரமாட்டாங்களோன்னு பயமுங்க. அதனால அழமாட்டேன்” என்றார்.

அன்றிரவே டப்பாவில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். விளக்கணைத்த பின் போர்வைக்குள் வைத்துத் தின்பார். கடித்தால் சத்தம் கேட்டு வார்டன் வந்துவிடுவார் என்பதால், முறுக்கை வாயில் வைத்து எச்சிலில் ஊறி நொறுங்கும் வரை காத்திருந்து விழுங்குவாராம். இப்போது எப்படித் தின்கிறீர்கள் என்று கேட்டபோது சற்று யோசித்துவிட்டு, இப்போதும் இரவில் மிக்சரை அப்படித்தான் ஊறவைத்துத் தின்பதாகவும், அதை இதுவரை தாமே கவனித்ததில்லை என்றும் சொன்னார். இருட்டு, யாரோ ஒருவர் ஊர்தியில் ஏறிப் போனது, அழக் கூடாது என்ற கட்டளை, சத்தமில்லாமல் தின்னுதல் ஆகிய நான்கு கூறுகளும் இன்றைய இரவுகளில் அப்படியே இருக்கின்றன. என் கணிப்பில் இந்நிகழ்வின் மையம் இங்கேதான் உள்ளது. குழந்தைப் பருவத்தில் அவருக்கு அதிகமாகவோ குறைவாகவோ ஊட்டியதைவிட, உணவு எந்த நேரத்தில், எதற்குப் பதிலாக வந்தது என்பதே பிற்காலத்தைத் தீர்மானித்திருக்கிறது.

தாயின் கூற்று

பெரியவர்களின் நினைவை மட்டும் வைத்துப் பிள்ளைப் பருவத்தை எழுதுவது ஆபத்தானது. இன்று உணவோடு போராடுபவர் பழைய நாட்களிலும் உணவையே தேடி நினைவுகூர்வார். எனவே தாயையும் தனியே சந்தித்தேன். அம்மாப்பேட்டையிலேயே இருக்கிறார், அறுபதைக் கடந்தவர். தறியை விட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பள்ளி விட்டதும் பேத்தி அவரிடம்தான் வருகிறாள்.

அழுகைக்குத் தின்பண்டம் கொடுத்ததையும், பலகாரத் தூக்கு பூட்டியதையும் அவர் ஒப்புக்கொண்டார். முட்டை விஷயத்தை மறுத்தார். டப்பாவைப் பற்றி வேறு விதமாகச் சொன்னார்: மகள் கூட இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு வைத்தாள், சில மாதங்களில் தம்பிக்கென்று பாதியைத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள் என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். “அழுவுற புள்ளைய வேற எப்படிங்க நிறுத்தறது? தறி நின்னா கூலி நின்னுபோகும். கூலி நின்னா சோறே இல்லீங்களே” என்று கேட்டார். இதற்கு மறுமொழி சொல்ல வேண்டிய தேவை எனக்கில்லை. இத்துறையின் எழுத்துகளில் தாய்மார்கள் மீது விழும் பழி, அவர்களுடைய கூலி வீதத்தையும் வேலை நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்பது என் பழைய மனக்குறை.

அவர் தற்செயலாகச் சொன்ன இன்னொரு செய்தி முக்கியமானது. மகள் கைக்குழந்தையிலிருந்தே எளிதில் அழுபவள், அழத் தொடங்கினால் அடங்க நேரமாகும். மகனோ அடி பட்டாலும் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பாட்டி, ஒரே வெல்லக்கட்டி. அந்தத் தம்பி இன்று திருப்பூரில் வேலை பார்க்கிறார். மனவருத்தம் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

நோயறிதல்

மிகையுணவுக் கோளாறு என்று முடிவு செய்ய, 2013இல் வெளிவந்த அமெரிக்க உளநோய்க் கையேட்டின்படி, மூன்று மாத காலம் சராசரியாக வாரம் ஒரு முறையாவது அத்தகைய நிகழ்வு நேர வேண்டும், உண்ணும் அளவும் அதே சூழலில் பிறர் உண்பதைவிடத் தெளிவாக மிகுந்திருக்க வேண்டும். இவருடைய இரவுகள் அந்த எல்லையின் விளிம்பில் நின்றன. பல இரவுகளில் உண்ட அளவு, பகல் முழுதும் அரைவயிறாகக் கிடந்த ஒருவர் உண்ணக்கூடியதைத் தாண்டவில்லை. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955இல் விவரித்த இரவு உண்ணல் நிலையும் இதுவன்று, ஏனெனில் இவர் தூக்கத்திலிருந்து எழுந்து உண்பதில்லை. மற்ற நாட்களின் இரவு உணவும் அளவோடுதான் இருக்கிறது. மனச்சோர்வுக்கான வினாப்பட்டியலில் லேசான நிலையே காட்டியது. நோய்ப் பெயர் எதுவும் சூட்டாமல், ‘கடும் பகல்நேரக் கட்டுப்பாட்டோடு கூடிய உணர்வுசார் மிகையுணவு’ என்று மருத்துவருக்கு எழுதினேன்.

முன்னைய ஆய்வுகளின் ஒளியில்

துயரமும் அச்சமும் இயல்பாகப் பசியை அடக்குபவை. அட்ரினலின் சுரக்கும்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகும். சிறு குழந்தைகளிடம் வருத்தத்தில் குறைவாக உண்பதே மிகுதியாகக் காணப்படுகிறது. வருத்தத்தில் அதிகம் உண்பது பெரும்பாலும் வளரும் பருவத்தில் தலைகாட்டுகிறது. ஆகவே தம்பியின் உடல் செய்வதுதான் இயல்பு, அக்காவின் உடல் எங்கோ வேறொன்றைக் கற்றிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

எப்படிக் கற்கிறது என்பதற்கு முதலில் ஒரு கருதுகோளை முன்வைத்தவர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஹில்டே புரூக். குழந்தை எதற்கு அழுதாலும் உணவே பதிலாகக் கிடைத்தால், பசியையும் பிற வேதனைகளையும் பிரித்தறியும் திறன் அதற்கு வளராமல் போகும் என்று 1973இல் வெளியான நூலில் அவர் வாதிட்டார். பசிப் பத்தியைக் காலியாக விட்டதையும், எல்லா வருத்தத்துக்கும் “ஒரு மாதிரியா இருந்துச்சு” என்று எழுதியதையும் பார்க்கும்போது, புரூக் எதிரே உட்கார்ந்து எழுதியதுபோல் இருந்தது. ஆனால் ஒரு கருதுகோள் ஒருவருக்குக் கச்சிதமாகப் பொருந்துவது அதற்குச் சான்றாகிவிடாது.

சான்று பின்னர்தான் சேர்ந்தது. லியன் பர்ச் குழுவினர் 1980இல், பள்ளி செல்லும் முன்பருவக் குழந்தைகளுக்கு ஒரு தின்பண்டத்தைப் பரிசாகவோ பெரியவரின் அன்பான கவனத்தோடோ கொடுத்தபோது அப்பண்டத்தின் மீதான விருப்பம் கூடியதைக் காட்டினார்கள். சைக்கிளில் கிடைத்த தட்டுவடையின் வலிமை இதிலிருந்து விளங்கும். ஜெனிஃபர் ஃபிஷரும் பர்ச்சும் 1999இல், கண்ணுக்குத் தெரிய வைத்துத் தடைசெய்யப்பட்ட பண்டத்தின் மேல் குழந்தைகளின் நாட்டம் அதிகரிப்பதைக் கண்டனர். பூட்டிய பலகாரத் தூக்கு செய்ததும் அதுவே. பெரியவர்களைப் பொறுத்தவரை, ரெபெக்கா பூலும் மார்லின் ஷ்வார்ட்ஸும் 2003இல், பெற்றோர் உணவைப் பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்தியதாக நினைவுகூர்ந்தவர்களிடம் மிகையுணவும் உணவுக் கட்டுப்பாடும் கூடுதலாக இருந்ததைப் பதிவுசெய்தனர். நினைவின் மேல் நிற்கும் ஆய்வு என்பதால் இதற்கு எல்லை உண்டு. கிளேர் ஃபாரோ குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு அந்த எல்லையைக் கடந்தது. குழந்தைகளை மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஒருமுறையும், இரண்டு ஆண்டுகள் கழித்து மறுமுறையும் பார்த்து, உணவைப் பரிசாகக் கொடுத்த, அல்லது உடல்நலம் கருதிக் கடுமையாகத் தடைசெய்த பெற்றோரின் குழந்தைகள் பிற்பாடு உணர்வுசார் உண்ணலுக்கு அதிகம் ஆட்பட்டதை அது காட்டியது.

இங்கிலாந்தில் இரட்டையர் குடும்பங்களைத் தொடர்ந்த ஜெமினி ஆய்வின் முடிவுகளை 2017, 2018 ஆண்டுகளில் வெளியிட்ட மொரிட்ஸ் ஹெர்லேயும் உடனாளர்களும், இப்பழக்கத்தில் மரபணுவின் பங்கு சிறிதென்றும் பகிர்ந்துகொள்ளும் குடும்பச் சூழலின் பங்கே பெரிதென்றும் முடிவுக்கு வந்தனர். அப்படியானால் தம்பி ஏன் மாறுபட்டார் என்ற கேள்வி எழும். நார்வேயில் சில்யே ஸ்டைன்ஸ்பெக் குழுவினர் நான்கு வயது முதல் பத்து வயது வரை குழந்தைகளைத் தொடர்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பெற்றோர் உணவால் தேற்றுவது பிள்ளையின் உணர்வுசார் உண்ணலைக் கூட்டுகிறது. அதேபோல் உணவால் எளிதில் தேறும் பிள்ளைக்குப் பெற்றோர் மேலும் உணவு கொடுக்கிறார்கள். எளிதில் கலங்கும் இயல்புள்ள குழந்தைகளிடம் இவ்விரண்டும் பிற்பாடு கூடுதலாகக் காணப்பட்டன. அதிகம் அழுத அக்காவுக்கு அதிகம் வெல்லக்கட்டி கிடைத்திருக்கும். ஒரே வீடு என்பது இருவருக்கும் ஒரே வீடாக இருக்கவில்லை. தவிர, மலைக்குப் போனவர் அக்கா மட்டுமே.

இதற்கு மேல் பகல் பட்டினி சேர்ந்துகொண்டது. பீட்டர் ஹெர்மனும் டெபரா மேக்கும் 1975இல் செய்த சோதனையில், உணவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்கள் ஒரு மில்க்ஷேக் குடித்தபின் குறைவாக உண்பதற்கு மாறாக, அதிகமாக உண்டார்கள். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்தால் அன்றைய நாளே கைவிடப்படுகிறது. சுவரில் ஒட்டிய 1,200 கலோரிப் பட்டியல் இவரைப் பொறுத்தவரை பூட்டிய பலகாரத் தூக்கின் மறுபதிப்பாகவே வேலை செய்தது என்று மருத்துவருக்கு எழுதினேன். அவர் முதலில் இதை ஏற்கவில்லை. சர்க்கரை ஏறும்போது சோற்றைக் கட்டுப்படுத்தாமல் இருக்க முடியாது என்றார். அளவைக் குறைக்கும் முன் நேரத்தை ஒழுங்குபடுத்துவோம் என்ற உடன்பாட்டுக்கு வந்தோம்.

சிகிச்சை

சுமார் ஆறு மாதம் நடந்தது. முதல் மாதம் முழுவதும் ஒரே வேலை: மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் உண்பது. காலையில் வெறும் காபி என்பது நின்று, ராகிக் களியோ இரண்டு இட்லியோ வந்தது. மதியம் சோறும் பருப்பும் காயும் முட்டையும். எடை கூடிவிடும் என்று மிகவும் பயந்தார். கூடவில்லை. மூன்றாவது வாரத்தில் பசிப் பத்தியில் முதல் முறையாக எண் விழுந்தது. காலை பதினொன்றரைக்கு 6 என்று எழுதி, பக்கத்தில் ‘வயிறு இழுத்துப் பிடித்தது’ என்று குறித்திருந்தார்.

முறுக்கையும் மிக்சரையும் நான் தடைசெய்யவில்லை. மாலை நான்கரைக்கு, விளக்கு வெளிச்சத்தில், தட்டில் வைத்து, மகளோடு உட்கார்ந்து, கடித்துச் சத்தத்தோடு தின்னச் சொன்னேன். “டப்பா வூட்டுல இருந்தா தீர்ந்துடுமேங்க” என்று தயங்கினார். முதல் டப்பா இரண்டு நாளில் தீர்ந்தது. அடுத்தது ஒரு வாரம் வந்தது. பிறகு ஒருமுறை டப்பாவில் முறுக்கு நமத்துப் போய்த் தூக்கிப்போட்டதாகச் சற்று வியப்போடு சொன்னார்.

லாரி கிளம்பும் நாளுக்கென்று தனியே திட்டமிட்டோம். கணவரையும் ஒருமுறை வரவழைத்தேன். அதுவரை கணவர் உண்ண, இவர் பக்கத்தில் நின்று பரிமாறுவார். இனி இருவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்டபின்தான் வண்டி எடுப்பது என்று முடிவாயிற்று. தொப்பூர் கணவாய் தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் சாயா குடிக்க நிறுத்துமிடத்திலிருந்து ஒன்பதரை மணியளவில் போன் செய்வதாகக் கணவர் ஒப்புக்கொண்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். “இதுக்குத்தான் இவ்வளவு நாளா? சொல்லியிருந்தா போன் அடிச்சிருப்பேனே” என்றார். போனைக் கேட்டு வாங்க மனைவிக்குத் தெரியவில்லை என்பதும், அழுதால் அடுத்த மாதம் வரமாட்டார்களோ என்று ஒன்பது வயதில் இருந்த அச்சம்தான் அது என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்?

உணர்வைப் பெயரிட்டுச் சொல்லும் பயிற்சிக்கே அதிக நேரம் பிடித்தது. ‘ஒரு மாதிரி’ என்பதைப் பிரித்துப் பார்த்தபோது அதில் ஏக்கம், பயம், வட்டிக்காரர் முன் நின்ற கூச்சம், சில நாட்களில் கணவர் மேல் கோபம் எல்லாம் இருந்தன. கோபம் வந்ததைச் சொல்லும்போதுதான் முதல் முறையாக என் அறையில் அழுதார்.

மகளும் பாட்டியும்

சிகிச்சையின் நடுவில், மகள் அழுதால் தாமும் பிஸ்கட்டைத்தான் நீட்டுவதாக அவரே குறிப்பேட்டில் எழுதியிருந்தார். பாட்டி வீட்டிலும் அதுவே நடக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சேலம் மாவட்டத்தில், குறிப்பாக மலைக் கிராமங்களில், எடை குறைந்த குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கொஞ்சி, கதை சொல்லி, நிலாவைக் காட்டி இன்னொரு வாய் ஊட்டுவது தேவையான நற்செயல். உலக நலவாழ்வு நிறுவனத்தோடு இணைந்து 2003இல் வெளியான, தாய்ப்பாலோடு சேர்த்துத் தரும் இணையுணவுக்கான வழிகாட்டலும், கட்டாயப்படுத்தாமல், குழந்தையின் பசிக்குறியையும் நிறைவுக்குறியையும் பார்த்து, பொறுமையாக ஊக்கி ஊட்டச் சொல்கிறது. பசிக்கு ஊக்கி ஊட்டுவதும், அழுகைக்கு வாயடைப்பதும் வேறு வேறு.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த பங்கீட்டைப் பாட்டியிடம் விளக்கினேன். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு. “அப்ப மிச்சம் வெச்சா?” என்று கேட்டார். முதலிலேயே கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுங்கள் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது, சோறு வீணாகாது என்பதற்காக. அழுகைக்கு மட்டும், முதலில் மடியில் தூக்கி வைத்து என்னவென்று கேட்பது, பசி என்று பிள்ளை சொன்னால் சோறு போடுவது என்று ஏற்பாடு. இப்போது அவர் தறியில் இல்லை, மடி காலியாகத்தான் இருக்கிறது.

இப்போதைய நிலை

ஆறாம் மாத முடிவில் உணர்வுசார் உண்ணல் மதிப்பெண் 2.7க்கும் கட்டுப்பாட்டு மதிப்பெண் 2.8க்கும் இறங்கியிருந்தன. எடை 68 கிலோ, எச்பிஏ1சி 5.8. எடைக் குறைவு சிறியது. மருத்துவருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. லாரி கிளம்பும் இரவுகளில் பெரும்பாலானவை அமைதியாகக் கழிகின்றன. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகையின்போது கணவர் ஒடிசாவில் லோடு கிடைக்காமல் மாட்டிக்கொண்டு ஊருக்கு வர இயலாமல் போன வாரத்தில், தொடர்ந்து மூன்று இரவுகள் பழையபடி உண்டார். நான்காம் நாள் காலை, பட்டினி போட்டு ஈடுசெய்யாமல் இட்லி சாப்பிட்டதாகக் குறிப்பேட்டில் இருந்தது.

வட்டிக்காரர் வந்துபோகும் இரவுகளில் மட்டும் மாற்றம் குறைவாகவே இருக்கிறது. கடன் தீராமல் அந்த அவமானம் தீராது, அதற்கு என் அறையில் மருந்தில்லை. அவர் வேலை செய்யும் ஆலையின் சம்பளத்தின் பேரில் கூட்டுறவு வங்கிக் கடன் வாங்கி வெளிவட்டியை அடைக்க முடியுமா என்று கணவரும் அவரும் விசாரித்து வருகிறார்கள். சந்திப்புகளை மாதம் ஒன்றாகக் குறைத்திருக்கிறோம். குறிப்பேட்டைத் தொடர்கிறார். அடுத்த எச்பிஏ1சி பரிசோதனை தை முடிந்ததும் எடுக்கப்படும்.